பாறையிலிருந்து சுவருக்கு

1985ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையூரான பார்தொனேக்கியாவுக்கு அருகே இயற்கைப் பாறையொன்றில் நடந்த பந்தயத்தையே, இன்று பல நாடுகளில் ஆண்டுதோறும் நடைபெறும் 'லீட்' ஏற்றப் போட்டிகளுக்கு ஆதி என்று கொள்ளலாம். சோவியத் நாட்டில் அதற்கு நெடுங்காலம் முன்பே பாறையேற்றப் பந்தயங்கள் உண்டெனினும், அவை வேகத்தையே பிரதானமாகக் கொண்டவை. லீட் முறையிலோ, இடுப்பிற் கட்டிய கயிற்றைத் தாமே மேலே கொண்டு சென்று, வழியிலுள்ள கொக்கிகளில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே எவர் அதிக உயரத்தை எட்டுகிறாரோ அவருக்கே ஜயம்.

பார்தொனேக்கியாவில் ஆடவரில் ஜெர்மனியின் ஸ்டெபான் குளோவாட்சும், பெண்டிரில் பிரான்சின் கதரீன் டெஸ்டிவெலும் வென்றனர். அதே ஆண்டில், போட்டி என்பதே பாறையேற்றத்தின் ஆத்மாவுக்கு விரோதமானது என்று பிரெஞ்சு நாட்டவர் 19 பேர் கூட்டறிக்கை வெளியிட்டனர். அதில் கையொப்பமிட்டோருள் டெஸ்டிவெலும் ஒருவர். இதை முரண்பாடென்று இகழ எனக்கு மனம் வரவில்லை. தம் கலையின் தூய்மை பற்றிய கவலையும், தம் ஆற்றலை அளந்து பார்க்கும் ஆவலும் ஒரே உள்ளத்தில் குடியிருத்தல் இயல்பேயாகும்.

அவர்களுடைய அச்சத்தில் நியாயமும் இருந்தது. பந்தயத்துக்கேற்ற கடினமான வழிகளை அமைப்பதற்காகப் பாறையில் உளியால் பிடிப்புகள் செதுக்கப்பட்டன; மரங்களும் வெட்டப்பட்டன. மலையை நேசித்துத் தோன்றிய ஒரு கலை மலைக்கே தீங்காக முடியுமாயின் அதைவிடக் கொடுமை வேறில்லை. ஆகவே, 1986இல் லியோன் நகரையடுத்த வோல்-ஆன்-வெலேனில் செயற்கைச் சுவரின்மீது போட்டி நடத்தப்பட்டதை, இவ்வரலாற்றின் மிகப் பெரிய திருப்பமாக நான் கருதுகிறேன். சர்வதேசப் போட்டிகள் அனைத்தும் செயற்கைச் சுவர்களிலேயே நடைபெற வேண்டும் என்ற தீர்மானம் பின்னர் வந்தது. அதனால் மலை பிழைத்தது. போட்டியிலும் நேர்மை வளர்ந்தது. சுவரிலே பிடிப்புகளைக் கழற்றி மாட்டி ஒவ்வொரு முறையும் புதுவழி சமைக்கலாமாதலால், ஏற வேண்டியவர்களைத் தனியறையில் வைத்து, ஒருவர் ஏறுவதை மற்றவர் பாராதபடி காத்து, எல்லோரையும் அறியாத வழியின் முன் சமமாக நிறுத்த முடிந்தது.

உலகக் கோப்பைத் தொடர் 1989இல் தொடங்கிற்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நடந்த சுற்றில் அந்நாட்டு வீரர் ஜெரி மொஃபட் முதலிடம் பெற்றார். ஆயினும் ஆண்டிறுதிக் கணக்கில் ஆடவர் பட்டத்தை அடைந்தவர், மொஃபட்டைப் போலப் புகழ் பெற்றிராத அவர் நாட்டவரான சைமன் நேடின். பெண்டிரில் பிரான்சின் நானெட் ரேபோ வென்றார். மறு ஆண்டு முதல் 1993 வரை பிரான்சின் பிரான்சுவா லெக்ராந்த் நான்கு முறை தொடர்ந்து ஆடவர் பட்டத்தைத் தம் வசமே வைத்திருந்தார். 1990இன் பெண்டிர் பட்டத்தையோ, அமெரிக்காவின் லின் ஹில்லும் பிரான்சின் இசபெல் பாட்டிசியேவும் சமமாக நின்று பகிர்ந்துகொண்டனர்.