மூச்சுத் திணறும் கட்டி

1955இல் இங்கிலாந்தில் தாம்லின்சன், கிரே இருவரும் நுரையீரல் புற்றுக்கட்டிகளை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ரத்தக் குழாயை ஒட்டி உயிருள்ள செல்கள். மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளிப் போனால் செத்த செல்கள். பிராணவாயு எட்டுவது அவ்வளவு தூரம்தான். இரண்டுக்கும் நடுவே குற்றுயிராகக் கிடப்பவைதான் கதிர்வீச்சுக்கு லேசில் மடியாதவை. அவற்றைக் கொல்ல ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர் வேண்டும்.

பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் வேறொரு வழி சொன்னார். புதிய ரத்தக் குழாய்கள் இல்லாமல் எந்தக் கட்டியும் சில மில்லிமீட்டரைத் தாண்டாது. அவற்றை முளைக்க விடாதீர்கள் என்றார். பலர் நம்பவில்லை. குழாய்களை வளர்க்கும் புரதத்தை 1989இல் நபோலியோனே ஃபெராரா பிரித்தெடுத்தார். அந்தப் புரதத்தை முடக்கும் பெவாசிசுமாப் 2004இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுக்கு அனுமதி பெற்றது.

கதிரையும் இந்த வகை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கலாமா? கூடாது என்றுதான் யாருக்கும் தோன்றும். குழாய் குறைந்தால் பிராணவாயு குறையும், கதிரும் பலிக்காது. ஆனால் 1990களிலேயே பெவர்லி டீச்சர் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் வேறு மருந்துகளை விலங்குகளில் சோதித்தபோது கட்டியில் பிராணவாயு கூடியது!

இதற்கு 2001இல் விளக்கம் தந்தவர் கான்பூர் ஐஐடியில் படித்த ராகேஷ் ஜெயின். கட்டிக்குள் இருப்பவை ஒழுங்கான குழாய்களே அல்ல. கோணல்மாணலாக ஓடி, கண்ட இடத்தில் கசிந்து, உள்ளே நீர் தேங்கி அழுத்தம் ஏறிக்கிடக்கும். மருந்து பட்டதும் வேண்டாத கிளைகள் உதிர்ந்து, மிஞ்சியவை கசியாமல் சீராகின்றன. அந்த ஒழுங்கு சில நாள்தான் நிலைக்கும். 2004இல் எலிகளின் மூளைக்கட்டியில் சோதித்தபோது, மருந்து தொடங்கிய நான்காம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை கொடுத்த கதிரே நன்றாகப் பலித்தது.

மனிதர்களிடம் அந்த வெற்றி வாய்க்கவில்லை. கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப்புற்றில் கதிரோடு பெவாசிசுமாபைச் சேர்த்து நடந்த இரு பெரிய ஆய்வுகள் 2014இல் வெளியாயின. ஒன்றில் மருந்து பெற்றவர்கள் 16.8 மாதம், பெறாதவர்கள் 16.7 மாதம் வாழ்ந்தார்கள். நோய் முற்றுவது மட்டும் சில மாதம் தள்ளிப்போனது. எலிகளிடம் அத்தனை கவனமாகப் பார்த்த நாள்கணக்கை, ஆறு வார சிகிச்சையில் நோயாளிக்கு நோயாளி யாரும் பார்க்கவில்லை என்பதே பெரிய குறை.

பலன் கிடைத்தது எதிர்பாராத இடத்தில். கதிர்வீச்சே மூளைத் திசுவைச் சிதைத்து வீங்கவைப்பதுண்டு. அப்படிப் பாதிக்கப்பட்ட 14 பேரிடம் ஹூஸ்டனில் நடந்த சோதனை 2011இல் வெளியானது. பெவாசிசுமாப் பெற்ற அனைவருக்கும் வீக்கம் வடிந்தது. வெறும் சலைன் ஏற்றியவர்களில் ஒருவருக்கும் வடியவில்லை. பிறகு அவர்களுக்கும் அதே மருந்து கொடுக்கப்பட்டது.