பழவங்காடியின் பழக்கடைகள்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை ஒட்டிய பழவங்காடியின் பெயரைப் பழ அங்காடி என்றும் பழைய அங்காடி என்றும் பிரிக்கலாம். இன்று அதைப் பிரபலமாக்கியிருப்பது கணபதி கோயிலில் உடையும் தேங்காய்கள்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் அருகிலேயே சாலைக் கடைவீதியை அமைத்தார். 1956 நவம்பர் 1 வரை தெற்கே உள்ள நாஞ்சில்நாடும் திருவிதாங்கூர்–கொச்சியின் பகுதி. அன்று எல்லை பிரிந்தும் அங்கிருந்து வாழைத்தார்களும் காய்கறிகளும் வருவது நிற்கவில்லை.

1866இல் கல்லூரியாக உயர்ந்த இன்றைய யூனிவர்சிட்டி கல்லூரி பழவங்காடிக்கு வடக்கே பாளையத்தில் உள்ளது. அதன் மாணவரை இந்தக் கடைகளின் பழத்தின் பக்கம் இழுப்பதில் சத்துக்கணக்கைவிட விலையும் வசதியும் வலியவை. நாளுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் காய்கறியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பாளையங்கோடன் வாழைப்பழத்துக்கோ கத்தியும் வேண்டாம், கழுவவும் வேண்டாம், பேருந்துக்குக் காத்திருக்கும்போதே உரித்துத் தின்னலாம். நேந்திரன், செங்கதலி விலை கூடியவை; ஓணம் நெருங்கினால் நேந்திரன் வறுவலுக்காக உப்பேரிச் சட்டிக்கே போய்விடும். காய்கறியின் நிலை வேறு. அதைச் சமைக்க வேண்டும். விடுதி மாணவருக்கு அவியலும் தோரனும் சமையற்காரர் மனம்வைத்தால்தான்.