இழுகயிறு போன கரை: பக்கிங்காம் கால்வாயும் சைக்கிள் பயணமும்

கோவிலம்பாக்கத்தில் பெய்கிற மழை கடலைச் சேர ஊரைச் சுற்றித்தான் போகவேண்டும். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி நாராயணபுரம் ஏரிக்கு வழிகிறது. அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்புநிலம், பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியாக முட்டுக்காடு முகத்துவாரம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அதே ஊரிலிருந்து கிளம்பும் சைக்கிள்காரர்களும் ஏறக்குறைய இதே வழியில்தான் முட்டுக்காடு போகிறார்கள். தண்ணீர் கால்வாயில் இறங்கிப் போகிறது. சைக்கிள் பாலத்தில் ஏறிக் கால்வாயைத் தாண்டிப் போகிறது. கரையோரமாகவே மிதித்துப் போக வழியில்லை. ஒரு காலத்தில் இருந்தது.

கால்வாய்க் கரையோரம் நாள்கணக்கில் சைக்கிளில் ஊர் சுற்றுவது பிரான்சில் பெயர்பெற்ற விடுமுறை வகை. அதன் வேர் சைக்கிளுக்கு இரண்டு நூற்றாண்டு மூத்தது. எஞ்சின் வராத நாளில் ஓட்டமில்லாத தண்ணீரில் சரக்குப் படகை நகர்த்த, கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பதே சுலபமான வழி. குதிரையோ கோவேறு கழுதையோ மனிதனோ இழுக்கலாம். கயிற்றைப் படகின் மூக்கில் கட்டினால் படகு கரைப்பக்கம் திரும்பி முட்டும். அதனால் முன்பக்கத்திலிருந்து சற்றுப் பின்தள்ளி, பாய்மரம் போன்ற ஒரு தூணில் கட்டுவார்கள். சுக்கானைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பி வைப்பார்கள். இந்த வேலைக்குக் கரையில் ஒரு பாதை வேண்டும். அதில் மரம், வேலி, வீடு, ஒரு முளைக்குச்சிகூட இருக்கக்கூடாது. குறுக்கே எது நின்றாலும் கயிறு மாட்டிக்கொள்ளும்.

பிரெஞ்சு அரசு இதைச் சட்டமாகவே எழுதி வைத்தது. பதினான்காம் லூயி காலத்தில், 1669ஆம் ஆண்டு ஆணைப்படி, படகு போகும் ஆற்றங்கரையில் நிலம் வைத்திருப்பவர்கள் இழுக்கும் பக்கத்தில் 24 அடி அகலத்துக்கு வழிவிட வேண்டும். அன்றைய பிரெஞ்சு அடிக்கணக்கில் அது 7.80 மீட்டர். இன்றைய பிரெஞ்சுச் சட்டத்திலும் அதே 7.80 மீட்டர்தான் இருக்கிறது. வெட்டிய கால்வாய்களிலோ கரையும் கால்வாயோடு சேர்ந்த சொத்து. அவற்றில் புகழ்பெற்றது மிதி கால்வாய். பியர்-போல் ரிக்கே என்ற வரி வசூல் அதிகாரி முன்நின்று வெட்டுவித்தது. 1666இல் அரசாணை, 1681இல் திறப்பு. துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துக் காயல் வரை 240 கி.மீ. ரிக்கே திறப்பு விழாவுக்குச் சில மாதம் முன்பே காலமாகிவிட்டார்.

சைக்கிளும் விடுமுறையும் பிறகு வந்து சேர்ந்தன. செந்த்-எத்தியென் நகரத்துப் போல் தெ விவி, 1887இல் சைக்கிளுக்கென்றே பத்திரிகை தொடங்கி, ஊர் பார்க்க மிதிப்பதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். 1890இல் பிரெஞ்சு சுற்றுலாக் கழகம் தோன்றியது. ஆனாலும் 1936 வரை இது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. அந்த ஆண்டு மக்கள் முன்னணி அரசு தொழிலாளருக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பைச் சட்டமாக்கியது. கோடை வந்ததும் ஆலைத் தொழிலாளிகள் கூடாரத்தை மூட்டை கட்டி, இருவர் மிதிக்கும் டாண்டம் சைக்கிளில் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

சரக்கு ரயிலுக்கும் லாரிக்கும் போனபின், மிதி கால்வாயில் வணிகப் படகுகள் 1980களோடு ஓய்ந்தன. கரை மட்டும் மிஞ்சியது. மேடு பள்ளம் இல்லாத, வாகனம் வராத, ஊர் ஊராகத் தொட்டுப்போகும் பாதை. லாக் எனப்படும் இரட்டைக்கதவு நீர்ப்பூட்டுகள் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன ஏற்றம். 8 வயதுப் பிள்ளையும் 70 வயதுத் தாத்தாவும் சேர்ந்து போகமுடிவது இதனால்தான். எல்லா இடமும் பட்டுப்போல் இருக்கும் என்றும் நினைக்கவேண்டாம். துலூஸிலிருந்து முதல் 50 கி.மீ. தார் போட்டது, அதற்கப்பால் பெரும்பகுதி மண்பாதை, பிளேன் மரங்களின் வேர்கள் முட்டி நிற்கும். அந்த மரங்கள் சுமார் 42,000. 2006 முதல் ஒரு பூஞ்சைநோய் அவற்றைத் தின்று வருகிறது; ஆயிரக்கணக்கில் வெட்டி எரித்துவிட்டார்கள்.

இனி மதராஸ். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் பேசில் காக்ரேன் என்பவர் தன் பணத்தைப் போட்டு, நகரின் வடக்கிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் கால்வாயை 1806இல் வெட்டி முடித்தார். அவர் பெயரிலேயே அது காக்ரேன் கால்வாய் ஆனது. பிறகு பழவேற்காடு ஏரியோடு சேர்ந்தது. 1837இல் அரசு கைக்குப் போனது. கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே ஆந்திரத்துப் பெத்தகஞ்சம், தெற்கே மரக்காணம் என நீண்டு, 420 கி.மீ. உப்புநீர் வழி ஆனது. அதில் 163 கி.மீ. இன்றைய தமிழ்நாட்டில். கடற்கரைக்கு இணையாக, பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் உள்தள்ளி ஓடுவதால் புயலுக்கும் அலைக்கும் பயப்படாமல் படகு விடலாம் என்பது கணக்கு.

வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் நகருக்குள் சேராமல் கிடந்தன. சேர்த்து வைத்தது பஞ்சம். 1876-78இன் தாது வருடப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் லட்சக்கணக்கில் மக்கள் மாண்டனர். கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட 8 கி.மீ. தூரத்தை 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். அந்நாளில் நிவாரண வேலைக்களங்களுக்கு, பஞ்சத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டும் உடம்புக்கு இது போதாது என்று மதராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். 1878இல் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைக் கால்வாய்க்குச் சூட்டினார்கள். வெட்டியவர்கள் பெயர் எதற்கும் வைக்கப்படவில்லை.

அதே 1878இல்தான் எழுத்தாளர் ஆர். எல். ஸ்டீவன்சன் தன் முதல் புத்தகத்தை வெளியிட்டார். பெல்ஜியம், வட பிரான்சுக் கால்வாய்களில் துடுப்புப் போட்டு அவர் விடுமுறை கழித்த கதை அது. கால்வாயை உல்லாசத்துக்குரிய இடமாகப் பார்க்கும் எழுத்துக்கு அது ஒரு முன்னோடி. ஓரிடத்தில் கால்வாய் சுற்றுலாவாகத் தொடங்கியபோது, இன்னோரிடத்தில் அது ஒருவேளைச் சோறாக இருந்தது. ஒரே ஆண்டு என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வெட்டியபின் கால்வாய் நன்றாகவே உழைத்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விறகு, நெல்லூர்ப் பக்கத்து அரிசி, உப்பளங்களிலிருந்து உப்பு, தெற்கேயிருந்து காய்கறி எல்லாம் படகில் வந்து இறங்கின. சென்ட்ரலுக்கு அருகே சால்ட் கொட்டார்ஸ் என்று ரயில்வே இன்றும் சொல்லும் இடம், உப்பு சேர்த்து வைத்த கொட்டாரம். மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டுக்கு அந்தப் பெயர் வந்ததும் கால்வாய்ப் படகுத்துறையால்தான் என்பார்கள். காற்று இருந்தால் பாய். காற்று செத்தால் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளவேண்டும், அல்லது ஒருவர் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுக்கவேண்டும். பிரான்சில் குதிரை செய்ததை இங்கே பெரும்பாலும் ஆளே செய்தார்.

இந்தக் கால்வாயில் வெறும் உல்லாசத்துக்காகப் போனவர்களும் உண்டு. 1930களில் பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் படகில் போனார். அதைப் பாடிய கவிதைக்கு ‘மாவலிபுரச் செலவு’ என்று தலைப்பு. செலவு என்றால் பழந்தமிழில் பயணம். காசு கரைவது பிற்காலப் பொருள். நம்மூரில் கால்வாய் விடுமுறைக்கு இலக்கியச் சான்று கேட்டால் தயங்காமல் இதை நீட்டலாம்.

பிறகு நடந்தது வேகமாகச் சொல்லக்கூடியது. லாரி சரக்கைப் பிடித்துக்கொண்டது. 1965-66 புயல்களும் 1976 புயலும் கரையையும் நீர்ப்பூட்டுகளையும் சிதைத்தன, போக்குவரத்து நின்றது. நகருக்குள் சாக்கடை இறங்கியது. இருக்க இடமில்லாத மக்கள் கரையில் குடிசை போட்டார்கள். பறக்கும் ரயில் வந்தபோது அதன் தூண்களுக்குக் கால்வாயும் கரையுமே இடமாயின. திருமயிலை வரை 1997, வேளச்சேரி வரை 2007. நிலம் கையகப்படுத்தும் செலவு மிச்சம் என்ற கோணத்தில் அது புத்திசாலித்தனம். கோட்டூர்புரம் ஸ்டேஷனில் நின்று கீழே பார்ப்பவருக்கு அந்தப் புத்திசாலித்தனத்தின் மறுபக்கம் தெரியும். அடையாறு காந்தி நகரில் ‘கெனால் பேங்க் ரோடு’ என்ற தெருப்பெயரில் மட்டும் கரை உயிரோடு இருக்கிறது.

கால்வாய் முழுதாகச் செத்துவிட்டது என்றும் சொல்லமுடியாது. 2004 சுனாமியின்போது பெத்தகஞ்சத்திலிருந்து சென்னை வரையிலான நீளத்தில் பல இடங்களில் அலை இதற்குள் விழுந்து வேகம் தணிந்தது. மீனவக் குப்பங்களுக்கு அப்பால் தண்ணீர் பரவாமல் அது தாங்கிக்கொண்டது. 2008இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான கால்வாய்களையும், கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் பகுதிகளையும் சேர்த்துத் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு சரக்குப் படகை மனதில் வைத்தது. கரைப்பாதை அதில் பேசுபொருள் ஆகவில்லை.

சென்னையில் சைக்கிளும் நெடுங்காலம் விடுமுறைப் பொருளாக இல்லை. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையின் ஹெர்குலிஸ் வண்டிகள் பால்காரரையும் தபால்காரரையும் ஆலைத் தொழிலாளியையும் சுமந்தன. ஞாயிறு ஓட்டம் என்பது பழைய மாமல்லபுரம் சாலையோடு வந்தது: 2000இல் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம், அதையொட்டிக் கம்பெனிகள், நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து முதுகு பிடித்த இளைஞர்கள், கியர் வண்டி வாங்கும் சம்பளம். அவர்களுக்கு மிதிக்கக் கிடைத்தது கிழக்குக் கடற்கரைச் சாலை.

பிரான்சிலிருந்து கரை வரவில்லை, கணக்கு வந்தது. 1904இல் தோன்றிய பாரீஸ் ஆடாக்ஸ் கழகத்தின் விதிகள்படி, ‘பிஆர்எம்’ என்று ஓட்டுபவர்கள் சொல்லும் நெடுந்தூர ஓட்டங்கள் சென்னையிலும் நடக்கின்றன. 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி நேரம், 600 கி.மீ.க்கு 40 மணி நேரம். போட்டி இல்லை, பரிசு இல்லை. வழியில் குறித்த இடங்களில் ஆஜர் காட்டி, நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் போதும். இவற்றின் உச்சி 1,200 கி.மீ. பாரீஸ்-பிரெஸ்ட்-பாரீஸ். 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. இப்போது நான்காண்டுக்கு ஒருமுறை, 90 மணி நேர வரம்போடு. பிரெஸ்ட் நகருக்கு நாந்த்திலிருந்து ஒரு பழைய கால்வாய் போகிறது, அதன் கரையும் சைக்கிள் பாதைதான். அதில் ஒரு வாரம் சாவகாசமாக மிதிப்பவர்களைவிட, சரியாகத் தூங்காமல் மூன்றே முக்கால் நாள் மிதிப்பவர்களையே சென்னை அதிகம் உருவாக்கியிருக்கிறது. பாதுகாப்பான மெதுவான பாதை இல்லாத ஊரில் வேகமானவர்கள்தான் ரோட்டுக்கு வருவார்கள். பிள்ளையும் தாத்தாவும் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு ஞாயிறு. மெட்ரோ தூண்களின் தடுப்பைச் சுற்றி 200 அடி ரோட்டில் ஏறினால் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே நாராயணபுரம் ஏரி ஒரு துண்டாகத் தெரியும். பள்ளிக்கரணையில் ரோட்டின் இருபுறமும் சதுப்புநிலம். 2022இல் அது உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பெருங்குடிக் குப்பைக்கிடங்கின் வாடை ஒரு பக்கம், கோரைக்கு நடுவே நிற்கும் நாரை ஒரு பக்கம். துரைப்பாக்கத்தில் வலது திரும்பி ஒக்கியம் மடுவுப் பாலம். சோழிங்கநல்லூர் சந்திப்பில் இடது. அக்கரை போகும் அந்தச் சாலையில்தான் கால்வாய் குறுக்கிடுகிறது. பாலத்தின் நடுவில் நிறுத்தி எட்டிப்பார்த்தால் ஆகாயத்தாமரை கரைக்குக் கரை பாய் விரித்திருக்கும். அதன் இடைவெளியில் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் நகராமல் நிற்கும். கரை என்று ஒன்று இருக்கிறது. அதில் மண்மேடு, சீமைக்கருவேலம், ஒரு காம்பவுண்டுச் சுவர்.

முட்டுக்காடு தாண்டிக் கோவளத்துக்குத் தெற்கே நிலைமை வேறு. ஊர் விலகிவிடுகிறது, கால்வாய் சவுக்குத்தோப்புக்கும் வயலுக்கும் நடுவே அகலமாக, வானத்தின் நிறத்தில் கிடக்கிறது. வீச்சுவலை போடுபவர்கள் நடந்து நடந்து கரையில் ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கிறது. தடித்த டயர் வண்டியாக இருந்தால் இறங்கலாம். மணல் கொஞ்ச தூரம் தாங்கும். பிறகு கருவேல முள் குறுக்கே வரும். அந்த இடத்தில் வண்டியைத் திருப்பி, டயரில் முள் ஏறியிருக்கிறதா என்று தடவிப்பார்த்துவிட்டு, வந்த வழியே கோவிலம்பாக்கம் திரும்ப வெயில் ஏறுமுன் இன்னும் 30 கி.மீ. மிதிக்கவேண்டும்.