காலங்கடந்த கடனும் எழுதிக் கொடுக்கும் ஒற்றை வரியும்

1. ஆய்வுப் பொருள்

என்றோ அடைத்து முடித்ததாக நினைத்த கடனைக் கேட்டு ஒருநாள் தொலைபேசி அழைப்பு வருகிறது. சிலருக்கு அந்தக் கடனை வாங்கிய நினைவே இருப்பதில்லை. பேசுபவர் வங்கி ஊழியர் அல்லர். வங்கி அந்தக் கணக்கை விற்றிருக்கும், அல்லது வசூலை ஒரு முகமையிடம் விட்டிருக்கும். அசல் சில ஆயிரம்தான், வட்டியும் அபராதமும் சேர்ந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது என்கிறார். முழுவதும் வேண்டாம், இன்றைக்கு ஐந்நூறு ரூபாய் கட்டி, மீதியைக் கட்டுவதாக ஒரு வரி எழுதி அனுப்புங்கள், போதும் என்கிறார்.

லட்சம் கேட்க வந்தவர் ஐந்நூறோடும் ஒரு வரியோடும் ஏன் திருப்தி அடைகிறார்? இந்தியச் சட்டத்தில் இதற்குத் தெளிவான விடை உண்டு. பழைய கடனில் சட்டம் கடனாளிக்கு வலுவான பாதுகாப்பைத் தருகிறது. அதைக் கைவிடும் எழுத்து அவர் கையிலிருந்தே வரவேண்டும்.

2. காலவரம்பு எதைத் தடுக்கிறது

1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, பிணையற்ற கடனுக்கு வழக்குத் தொடர 3 ஆண்டுகள்தான் அவகாசம். புரோநோட்டுக்குக் கடன் கொடுக்கும் நம்மூர்க்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். மூன்று ஆண்டு முடிவதற்குள் நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்குவதும், புது நோட்டு எழுதிக்கொள்வதும் இதனால்தான். காலங்கடந்து வந்த வழக்கை, எதிர்வாதியே அதைச் சுட்டிக்காட்டாவிட்டாலும், நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும் என்கிறது பிரிவு 3.

ஆனால் கடன் அழிந்துவிடுவதில்லை. வழக்குத் தொடரும் வழிதான் அடைபடுகிறது, கடன் அப்படியே இருக்கிறது என்பதை 1958-இல் பாம்பே டையிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எல்லா நாட்டுச் சட்டமும் இப்படியில்லை. ஸ்காட்லாந்தில் சாதாரணக் கடன் பொதுவாக 5 ஆண்டுகளில் கடனாகவே இல்லாமல் போகிறது. இங்கே முகவர் பணம் கேட்பதை மட்டும் வைத்து அதைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. அவர் கேட்கலாம், ஆனால் கொடுக்கும்படி நீதிமன்றத்தின் மூலம் கட்டாயப்படுத்த முடியாது.

3. ஒப்புதலும் வாக்குறுதியும்

ஒரு ரூபாய் கட்டினாலும் பழைய கடன் உயிர்பெற்றுவிடும் என்று பலர் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். பிரிவு 18-இன்படி கையெழுத்திட்ட ஒப்புதலும், பிரிவு 19-இன்படி எழுத்துச் சான்றுள்ள பகுதித் தொகையும் காலவரம்பைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். ஆனால் இரண்டும் மூன்றாண்டு முடிவதற்கு முன்பே நிகழ்ந்திருக்க வேண்டும். முடிந்த பிறகு வெறும் ஒப்புதலால் பழைய கடன் வழக்குக்குத் தகுதி பெறாது.

உண்மையான ஆபத்து 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில், பிரிவு 25(3)-இல் இருக்கிறது. காலங்கடந்த கடனைக் கொடுப்பதாக எழுதிக் கையெழுத்திட்டால், அது புதிய ஒப்பந்தமாகவே செல்லும். ‘பாக்கி இருக்கிறது’ என்பது ஒப்புதல். ‘மாதம் இரண்டாயிரம் கட்டிவிடுகிறேன்’ என்பது வாக்குறுதி. முகவர் கேட்கும் அந்த ஒரு வரி இரண்டாவது வகை. மின்னஞ்சலில்தானே எழுதினோம் என்று ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. மின்னஞ்சலையும் கையெழுத்திட்ட எழுத்தாக ஏற்ற தீர்ப்புகள் உள்ளன.

காலவரம்பு முடியாத கடனில் இன்னும் எச்சரிக்கை தேவை. கட்ட மறுத்து எழுதும் கடிதத்தில்கூடக் கடன் இருப்பதை ஏற்றுக்கொண்டிருந்தால், பிரிவு 18-இன் விளக்கத்தின்படி அது ஒப்புதலாகிவிடும். ‘வேலை போய்விட்டது, அவகாசம் கொடுங்கள்’ என்று மனமிரங்கக் கேட்டு எழுதுவதும் அப்படித்தான். நேர்மையாக நடக்க நினைப்பவர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

4. காலவரம்பு காக்காத இடங்கள்

அடமானக் கடனுக்கு 12 ஆண்டுகள். நீதிமன்றம் ஏற்கெனவே தீர்ப்பாணை வழங்கியிருந்தால், அதை நிறைவேற்றவும் 12 ஆண்டுகள். பழைய முகவரிக்குச் சம்மன் போய், ஆள் வராமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானதும் உண்டு. ஆகவே இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தம் பெயரைத் தேடிப் பார்ப்பது நல்லது. சம்மன் முறையாகச் சார்வு செய்யப்படவில்லை என்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதை ரத்து செய்யக் கோரலாம். பெருந்தொற்றுக் காலமான 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் காலவரம்புக் கணக்கிலிருந்து விலக்கியிருப்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

5. நினைவில் இல்லாத கடன்

கடன் உண்டு என்பவரே அதை நிரூபிக்க வேண்டும். தொலைபேசியில் பிறந்த தேதியையோ பான் எண்ணையோ உறுதிப்படுத்தாமல், எழுத்தில் இப்படிக் கேட்கலாம்: “நீங்கள் குறிப்பிடும் கடனை நான் ஏற்கவில்லை. கடன் ஒப்பந்தத்தின் நகல், முழுக் கணக்கு விவரம், கடைசியாகப் பணம் வரவான தேதி, கணக்கு உங்களுக்கு மாற்றப்பட்டதற்கான ஆவணம், உங்களுக்கு வழங்கப்பட்ட அதிகாரக் கடிதம் ஆகியவற்றை அனுப்புங்கள்.” இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. அடையாளத் திருட்டால் உருவான கணக்கு அதில் தெரிந்தால், அங்கேயே மறுப்புப் பதியலாம். திருத்தம் 30 நாட்களைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 26.04.2024 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி.

இறந்த தந்தையின் கடன் என்று மகனிடம் வருவதும் உண்டு. வாரிசு தனக்கு வந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பு. மகன் என்பதால் மட்டும் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை.

6. முகவரும் மக்கள் நீதிமன்றமும்

வங்கிகளின் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் உத்தரவிட்டது. மிரட்டுவதும் உறவினர், நண்பர்களிடம் சொல்லி அவமானப்படுத்துவதும் விதிமீறல். அழைப்பின் தேதி, நேரம், எண் ஆகியவற்றைக் குறித்துவைத்து முதலில் வங்கிக்குப் புகார் எழுத வேண்டும். 30 நாட்களில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியே, கட்டணமின்றி முறையிடலாம்.

மக்கள் நீதிமன்றத்திலிருந்து வரும் அழைப்புக் கடிதத்தைப் பார்த்து, கைது செய்துவிடுவார்களோ என்று அஞ்சுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது வழக்குக்கு முந்தைய சமரச அழைப்புதான். கையெழுத்திட வேண்டிய கட்டாயம் அங்கே யாருக்கும் இல்லை. ஆனால் இட்டுவிட்டால், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி அந்தச் சமரசம் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம்; அதற்கு மேல்முறையீடு கிடையாது. காலங்கடந்த கடனாக இருந்தாலும் அங்கிருந்து 12 ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். ஆகவே கணக்கு ஆவணங்களை முதலில் கேட்டு வாங்கி, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகே சமரசத் தாளில் கைவைக்க வேண்டும்.