மரண வாக்குமூலத்தை எழுதுவது யார்?

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் இருக்கிறார்கள். ஆகவே பன்னிரண்டு வருஷமாக எனக்குச் சோறு போடும் விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கர்னலே செத்து விழுந்தால், எதனால் செத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டெட்லாக், பேஜிங் எல்லாம் படித்தோம். இது மட்டும் நம் சிலபஸில் இல்லை.

கர்னல் விழுந்த நொடியில் மெமரியில் என்ன இருந்ததோ, அதை அப்படியே பிரதி எடுத்து வைப்பதற்கு டம்ப் என்று பெயர். பழைய ஆட்கள் 'கோர் டம்ப்' என்பார்கள். 1950களின் பிற்பாதியிலிருந்து 1970கள் வரை மெமரி என்றால் கடுகு போன்ற ஃபெர்ரைட் வளையங்கள்தான். ஒரு வளையம், ஒரு பிட். ஒவ்வொன்றிலும் ஊசியில் நூல் கோப்பது போலக் கம்பி கோத்திருப்பார்கள். அந்த வளையம்தான் கோர். கரண்டு போனாலும் காந்தம் மறக்காது. மெமரியைக் காகிதத்தில் அச்சடித்து, பென்சிலும் கையுமாக எண்களைப் படித்தார்கள். வளையம் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

யூனிக்ஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் அலட்சியமாகவே பிறந்தது. மல்டிக்ஸில் வேலை பார்த்த டாம் வான் வ்ளெக் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். மல்டிக்ஸ் கோடில் பாதி, பிழையிலிருந்து மீள்வதற்கே போகிறது என்று அவர் டென்னிஸ் ரிச்சியிடம் சொன்னாராம். நாங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டோம், பானிக் என்று ஒரு ரொட்டீன் இருக்கிறது, அது வந்தால் மெஷின் படுத்துவிடும், ரீபூட் பண்ணச் சொல்லி ஒரு சத்தம் போட வேண்டியதுதான் என்றாராம் ரிச்சி!

ஆனாலும் 1975-ல் வந்த ஆறாவது பதிப்பில் டம்ப் எடுக்க வழி இருந்தது. பிடிபி-11 மெஷினை நிறுத்தி, டேப்பை மாட்டி, முன்பக்க ஸ்விட்சுகளில் ஆக்டல் 44 என்ற முகவரியைப் போட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். அங்கே காத்திருக்கும் சில வரி அசெம்ப்ளி கோடு, மெமரி முழுவதையும் டேப்பில் எழுதிவிடும். எழுதுவது கர்னலின் வழக்கமான டிரைவர் அல்ல, தனியாக நிற்கும் ஒரு சின்ன கோடு என்பதை இங்கே கவனியுங்கள். என்னைக் கேட்டால் அது பெரிய புத்திசாலித்தனம்.

பெர்க்லிக்காரர்கள் டேப்பை விட்டு டிஸ்கின் ஸ்வாப் பகுதிக்கு வந்தார்கள். மெஷின் செத்த பிறகு ஸ்வாப்பில் இருப்பது யாருக்கும் வேண்டாத சரக்குதானே. டம்பை ஸ்வாப்பின் கடைசியில் எழுதினார்கள். மெஷின் மறுபடி எழும்போது ஸ்வாப் முன்பக்கத்திலிருந்து நிரம்பினாலும் டம்ப் தப்பிக்கும். 1981-ன் 4.1பிஎஸ்டியில் வந்த சேவ்கோர் என்ற புரோகிராம், பூட் ஆகும்போது அதை எடுத்து ஃபைலாக வைத்தது.

1991-ல் பிறந்த லினக்ஸில் வெகுகாலம் இதெல்லாம் கிடையாது. திரையில் 'ஊப்ஸ்' என்று வரும் எண்களைக் காகிதத்தில் காப்பி செய்துகொள்ள வேண்டியதுதான். 1999-ல் எஸ்.ஜி.ஐ. நிறுவனத்தார் எல்.கே.சி.டி. என்ற பேட்சைத் தந்தார்கள். பிறகு ரெட் ஹாட்டின் நெட்டம்ப், டம்பை நெட்வொர்க் வழியாக வேறு மெஷினுக்கு அனுப்பியது. இரண்டிலும் ஒரே சிக்கல்: சாகிறவன் கையாலேயே வாக்குமூலம் எழுத வேண்டும். டிஸ்க் டிரைவர் ஒரு லாக்கைப் பிடித்தபடி நின்றிருந்தால் எழுத்தே நடக்காது. அதைவிட மோசம், உள்விவரங்கள் கலைந்துபோயிருந்தால் டம்பை உங்கள் டேட்டாபேஸ் மேலேயே எழுதினாலும் எழுதும்.

2005 ஆகஸ்டில் 2.6.13 கர்னலோடு வந்த கேடம்ப் இதைத் தலைகீழாக மாற்றியது. எரிக் பீடர்மனின் கெக்ஸெக், ஓடுகிற கர்னலிலிருந்து பயாஸுக்குப் போகாமல் நேரே இன்னொரு கர்னலுக்குத் தாவ வழி செய்தது. அதன்மேல் கேடம்பைக் கட்டியவர்களில் ஐ.பி.எம்.மின் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா போன்ற நம்மவர்களும் உண்டு. பூட் ஆகும்போதே கொஞ்சம் மெமரியை ஒதுக்கி, அதில் இரண்டாவது கர்னல் ஒன்றைத் தூங்க வைத்துவிடுவார்கள். முதல் கர்னல் பானிக் ஆனதும் இரண்டாவது எழுந்து, புத்தம்புது டிரைவர்களோடு செத்தவனின் மெமரியை ஒரு ஃபைலாகப் பார்த்துக் காப்பி செய்யும். முதலாமவன் செத்த செய்தி தெரியாமல் நெட்வொர்க் கார்டு பழைய மெமரியில் எழுதிக்கொண்டே இருக்கலாம். அதனால் இவனுக்கு ஆபத்தில்லை. ஒதுக்கிய இடத்தை எந்தக் கருவிக்கும் கொடுத்ததே இல்லையே!

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஒரு வாடிக்கையாளரின் சர்வர் பத்து நாளைக்கு ஒருமுறை ராத்திரியில் விழுந்துகொண்டிருந்தது. வேலை நிற்கக் கூடாது என்று உடனே ரீபூட். தடயம் போச்சு. ஹார்டுவேர்காரர் டிரைவரைச் சொன்னார், டிரைவர்காரர் எங்களைச் சொன்னார், கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து நைட் ஷிஃப்ட் பையனைச் சொன்னார்கள். அவனுக்கு மெமோ தயாராகிவிட்டது. கேடம்பை இயக்கி வைத்த பிறகு விழுந்தபோது டம்ப் கிடைத்தது. 'கிராஷ்' என்ற கருவியில் திறந்து ஒரு சாயங்காலம் பார்த்ததில், டிரைவர் ஒன்று தான் விடுவித்த மெமரியையே மறுபடி தொட்டது தெரிந்தது. மெமோ கிழிந்தது.

வாக்குமூலம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதிலும் ஒரு தொல்லை இருக்கிறது. மெமரியில் பாஸ்வேர்டு, ரகசியச் சாவி எல்லாம்தான் கிடக்கும். 2023-ல் மைக்ரோசாஃப்டின் கையெழுத்துச் சாவி ஒன்றைக் கொண்டு அமெரிக்க அரசு மின்னஞ்சல்களுக்குள் சிலர் புகுந்தார்கள். 2021 ஏப்ரலில் எடுத்த ஒரு கிராஷ் டம்பில் சாவி ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று அந்த நிறுவனம் முதலில் விளக்கியது. 2024 மார்ச்சில், சாவி இருந்த டம்ப் எதையும் காணவில்லை என்று திருத்திக்கொண்டது. நிரூபணமாகவில்லைதான். ஆனால் அப்படி ஒரு வழி உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. மேக்டம்ப்ஃபைல் என்ற கருவி பயனர் பக்கங்களை வடிகட்டும். அதனால் ஃபைலும் சிறுக்கும், ரகசியமும் குறையும். கர்னலுக்குள்ளேயே இருக்கும் சாவியை அதுவும் விடாது, எழுதிவிடும்.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் ஒரு விர்ச்சுவல் மெஷினில் லினக்ஸை ஏற்றி, கேடம்பை இயக்கி, சிஸ்ரெக்யூ வசதிக்கு 'சி' என்ற ஒரே எழுத்தைக் கொடுத்துப் பாருங்கள். கர்னல் வேண்டுமென்றே விழும். பிறகு கிராஷ் கருவியில் 'பிடி' என்று அடித்தால், கடைசியாக எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்து விழுந்தது என்று வரிசையாகச் சொல்லும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கும் மெஷினில் மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.