முன்பணமும் முடியாத கதையும்: பகுதி பகுதியாக விற்பதன் வரலாறு

1883ஆம் ஆண்டு கல்கத்தாவில் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கிய மகாபாரத ஆங்கில மொழிபெயர்ப்பின் முகப்பில் மொழிபெயர்ப்பாளரின் பெயர் இல்லை. மொழிபெயர்த்தவர் கிசாரி மோகன் கங்குலி. வெளியிட்டவர் பிரதாப் சந்திர ராய். பெயர் விடுபட்டதற்குத் திட்டத்தின் பேரளவே காரணம். தொடங்கியவரே அதை முடிக்கும்வரை உயிரோடிருப்பார் என்பதற்கு உறுதியில்லை. இடையில் வேறொருவர் தொடர நேர்ந்தால் முகப்பில் பெயர்களை மாற்றிக்கொண்டே போவதும் பொருந்தாது. ஆனால் நடந்தது வேறு. மொழிபெயர்ப்பாளர் வேலையை முடித்தார். வெளியீட்டாளரே 1895இல் மறைந்தார். எஞ்சிய பகுதிகளை அவருடைய மனைவி சுந்தரி பாலா ராய் 1896இல் வெளியிட்டு நிறைவுசெய்தார்.

இங்கிலாந்தில் டிக்கன்ஸின் வாசகர்களுக்கு இந்த நல்லூழ் வாய்க்கவில்லை. 'எட்வின் டிரூட்' புதினம் பன்னிரண்டு மாதப் பகுதிகளாகத் திட்டமிடப்பட்டது. 1870 ஜூனில் ஆசிரியர் இறந்தார். ஆறு பகுதிகளே அச்சேறின. மர்மம் இன்றுவரை விடுபடவில்லை. எனினும் வாசகர் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கியிருந்தார். வராத பகுதிக்கு அவர் பணம் கொடுக்கவில்லை. தொடர் வெளியீட்டில் வாங்குபவருக்கு நேரக்கூடிய இழப்பு இருவகைப்படும் என்பதை இது காட்டுகிறது: ஒன்று முடிவை இழப்பது, மற்றொன்று பணத்தை இழப்பது. இவ்விரண்டும் எப்போதும் சேர்ந்தே நிகழ்வதில்லை. எபிசோடிக் வீடியோ கேம்களின் வரலாற்றைப் படிக்க இந்த வேறுபாடு உதவும்.

2000களின் நடுவில் ஒரு பெரிய வீடியோ கேமை உருவாக்கப் பல ஆண்டுகளும் பெருந்தொகையும் தேவைப்பட்டன. அதைச் சிறு பகுதிகளாக விற்றால் முதற்பகுதியின் வருவாயில் அடுத்ததை உருவாக்கலாம் என்று நிறுவனங்கள் கணக்கிட்டன. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் தளம் கடையும் வட்டும் இல்லாமல் நேரடியாக விற்க வழிசெய்தது. 2006 மே மாதம் ரிச்சுவல் நிறுவனம் 'சின் எபிசோட்ஸ்' தொடரின் முதற்பகுதியை வெளியிட்டது. திட்டமிடப்பட்டவை ஒன்பது, வந்தது ஒன்றே. 2007 ஜனவரியில் அந்நிறுவனம், எளிய பொழுதுபோக்கு கேம்களை வெளியிட்டுவந்த மம்போஜம்போவின் கைக்குச் சென்றது. தொடர் அங்கேயே நின்றது.

சிறிய நிறுவனம் பணமின்றி நின்றது என்று இதற்கு விளக்கம் கூறிவிடலாம். ஆனால் வால்வுக்குப் பணத்தட்டுப்பாடு இருந்ததில்லை. 'ஹாஃப் லைஃப் 2'இன் தொடர்ச்சியாக மூன்று பகுதிகளை அது அறிவித்தது. முதலாவது 2006 ஜூனிலும் இரண்டாவது 2007 அக்டோபரிலும் வந்தன. இரண்டாம் பகுதி ஒரு முக்கியப் பாத்திரத்தின் கொலையோடு முடிந்தது. மூன்றாம் பகுதி வரவேயில்லை. 2017இல் அதன் எழுத்தாளர் மார்க் லெய்ட்லா, பெயர்களை மாற்றி ஒரு கடித வடிவில் கதைச்சுருக்கத்தை வெளியிட்டார். ஆகவே தொடர் அறுபடுவதற்கு வறுமை மட்டும் காரணமன்று; செல்வமுள்ள நிறுவனத்தின் ஆர்வம் வேறு திசையில் திரும்பினாலும் போதும். இவ்விரு நிகழ்வுகளிலும் வாங்கியவர்கள் இழந்தது பெரும்பாலும் முடிவைத்தான்.

பண இழப்பின் அச்சம் சீசன் முழுவதற்கும் முன்கூட்டியே விலை பெறும் முறையோடு வலுத்தது. இம்முறையில் தேர்ந்தது டெல்டேல் நிறுவனம். 2012இல் ஐந்து பகுதிகளாக வந்த 'த வாக்கிங் டெட்' அதற்குப் பெரும்புகழ் தந்தது. அத்தொடரின் இறுதிச் சீசன் நான்கு பகுதிகள் கொண்டது. முதற்பகுதி 2018 ஆகஸ்டில் வந்தது. செப்டம்பர் 21 அன்று நிறுவனம் ஏறத்தாழ 250 ஊழியர்களை வெளியேற்றி, 25 பேரை மட்டும் வைத்துக்கொண்டது. நான்கு நாள் கழித்து இரண்டாம் பகுதி வந்தது. பின்னர் சீசனின் விற்பனையே நிறுத்தப்பட்டது. நான்குக்கும் விலை கொடுத்தவர்களின் கையில் இரண்டு இருந்தன.

இங்கு ஓர் அறச்சிக்கலும் எழுந்தது. வேலையிழந்தவர்களுக்கு இழப்பீட்டுத் தொகை தரப்படவில்லை. சட்டப்படியான முன்னறிவிப்பு தரப்படவில்லை என்று முன்னாள் ஊழியர் ஒருவர் வழக்கும் தொடுத்தார். அதே வாரங்களில் 'கதையை முடித்துத் தாருங்கள்' என்ற இரசிகர் குரல் உரக்க ஒலித்தது. கதையை எழுதி வரைந்தவர்களின் கூலி நிலுவையில் நிற்க, கதை மட்டும் நிறைவுபெற வேண்டுமா என்ற கேள்வி நியாயமானதே. இறுதியில், 'த வாக்கிங் டெட்' காமிக்ஸ் படைப்பாளர் ராபர்ட் கிர்க்மனின் ஸ்கைபவுண்ட் நிறுவனம் பொறுப்பேற்றது; பழைய குழுவினர் சிலரையே அமர்த்தி, 2019 ஜனவரியிலும் மார்ச்சிலும் எஞ்சிய இரு பகுதிகளை வெளியிட்டது. சுந்தரி பாலா ராயின் இடத்தில் இம்முறை ஒரு நிறுவனம் நின்றது. இரண்டு மீட்புகளும் தனிப்பட்ட அக்கறையால் நிகழ்ந்தவை. எந்த ஒப்பந்தமும் அவற்றை உறுதிசெய்யவில்லை.

'தொடர் முடிந்தபின் வாங்குக' என்பது எளிய அறிவுரை. தனியொருவருக்கு அது சரியே. ஆனால் எல்லோரும் காத்திருந்தால் முதற்பகுதி விற்காது. விற்காவிட்டால் இரண்டாம் பகுதி பிறக்காது. எச்சரிக்கையே தொடரைக் கொல்லும் முரண் இது. 'ஹிட்மேன்' 2016இல் பகுதிகளாக வந்து, 2018இல் அம்முறையைக் கைவிட்டது. 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' வரிசையில் 2021இல் வந்த கேமின் அத்தியாயங்கள் அனைத்தும் ஒரே நாளில் வெளியாயின. நம்பிக்கை தேய்ந்ததைத் தொழிலும் உணர்ந்திருக்கிறது என்றே கொள்ளலாம்.

முடிவடையாத பொருளுக்கு முன்பணம் தரும் சிக்கலை இந்தியச் சட்டம் வேறொரு துறையில் எதிர்கொண்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், வீடு வாங்குபவரிடம் பெற்ற தொகையில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக்கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிடக் கட்டளையிடுகிறது. 2018இல் திவால் சட்டத் திருத்தம் வீடு வாங்குவோரை நிதிக் கடனளித்தோராக ஏற்றது. வீடும் விளையாட்டும் ஒன்றல்ல. இழப்பின் அளவும் ஒன்றல்ல. ஆனால் சீசன் முழுவதற்கும் விலை பெறும் நிறுவனம், வராத பகுதிகளுக்குரிய பங்கை அவை வெளிவரும்வரை விற்பனைத் தளத்திடம் விட்டுவைப்பது செய்யக்கூடியதே. தளங்களிடம் பணம் செல்லும் வழியும் கணக்கும் ஏற்கெனவே உள்ளன. அந்தப் பாதுகாப்பு வரும்வரை, பகுதிக்குப் பகுதி விலை கொடுத்த டிக்கன்ஸின் வாசகர் சீசன் முழுவதையும் வாங்குபவரைவிடப் பாதுகாப்பாகவே இருந்தார் எனலாம்.