மீன் தொட்டிக்குள் காற்றில்லாத அறை

மெரினாவில் 1909-ல் மீன் காட்சிசாலை திறந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் எடுத்த முயற்சி அது. கடல் எதிரிலேயே இருந்ததால் புதுத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மயிலாப்பூர், தி.நகர் வீடுகளில் தொட்டி வைத்த நம்மவர்களுக்கு அந்த வசதி ஏது?

மீன் கழிவில் வரும் அமோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. காற்றை நம்பி வாழும் இவற்றை 1890-ல் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்தார். ஆனால் நைட்ரேட் தொட்டியிலேயே தங்கிவிடும். பாசி படரும், மீன் வாடும். தண்ணீர் மாற்றலாம்தான், 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த ஊராயிற்றே இது! கிணற்று நீர் என்றால், கழிவுநீர் கசியும் இடங்களில் அதிலேயே நைட்ரேட் இருக்கும். குடிநீருக்கே லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு.

இதற்கான வழி 1886-லேயே தெரிந்துவிட்டது. ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக வெளியே விடுவதை கயோன், டுபெட்டி என்ற பிரெஞ்சுக்காரர்கள் விளக்கினார்கள். 1980-களில் மொனாக்கோவில் ஜோபேர் என்பவர் கனமான மணல் படுக்கைக்கு அடியில் நீர் தேங்க இடம்விட்டு, பவளத் தொட்டிகளில் இதைச் செய்துகாட்டினார்.

வீட்டில் செய்வதானால், மூடிய டப்பாவில் மணல் நிரப்பி நீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வேகம் கூடினால் நைட்ரைட் வெளிவரும். ஓட்டம் நின்றே போனால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த வாயு மீனைக் கொன்றுவிடும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் மணி பிளான்ட் வேரைத் தொட்டியில் தொங்கவிடலாம். அதுவும் நைட்ரேட்டை உறிஞ்சும்.